கைபேசிக் கேள்வி-பதில்: ஆப் தானாக மூடிக்கொள்கிறதா?

கேள்வி: நானும் நண்பரும் தொடர்கதைகளுக்காக ஒரு ஆண்ட்ராய்டு ஆப் செய்கிறோம். இடப்பக்கம் தள்ளினால் அடுத்த அத்தியாயம், வலப்பக்கம் தள்ளினால் முந்தையது. ‘படிக்கும்போதே ஆப் மூடிக்கொள்கிறது’ என்று பலர் புகார் சொல்கிறார்கள். பட்டன் வைத்தால் பக்கத்தின் அழகு கெடாதா?
- ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஆப் மேல் குற்றமில்லை. 2019-ல் ஆண்ட்ராய்டு 10 வந்ததிலிருந்து, சைகை முறையில் ஓடும் போன்களில் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளினாலே ‘பின்னால் போ’ என்று அர்த்தம். இடது ஓரம் மட்டுமல்ல, வலது ஓரமும்தான். உங்கள் வாசகர் எங்கே படிக்கிறார்? காலையில் புதுச்சேரி போகிற பஸ்ஸில், ஒரு கை மேல் கம்பியில், மறு கையில் போன். வேலை செய்வது கட்டைவிரல் ஒன்றுதான், அதுவும் வலது ஓரத்திலிருந்துதான் கிளம்பும். ரெட்டிச்சாவடி வருவதற்குள் மனிதர் நாலு தடவை கதையை விட்டு வெளியே வந்திருப்பார்.

ஓரத்தை ஆப்புக்கென்று ஒதுக்கிக்கொள்ள ஆண்ட்ராய்டு இடம் தருகிறது. ஆனால் ஓரத்துக்கு 200 டிபி (ஆண்ட்ராய்டு திரையில் அளவு சொல்லும் அலகு) உயரம்தான் கிடைக்கும். படிக்கிற பக்கத்துக்கு அது காணாது.

அப்புறம், கதையில் மூழ்கியவர் பக்கம் திருப்பத்தான் தள்ளுவார். அத்தியாயமே மாறினால் கொலைகாரன் யார் என்று முன்னாடியே தெரிந்து தொலையும். தள்ளுவதைப் பக்கத்துக்கு விடுங்கள். வலப்பாதியில் தட்டினாலும் பக்கம் திரும்பட்டும், ஓரத் தொல்லை போகும். அத்தியாயம் முடிகிற இடத்தில், கடைசி வரிக்குக் கீழே, பட்டன். உயரம் 48 டிபிக்குக் குறைய வேண்டாம். கூகுள் சொல்லும் குறைந்தபட்ச அளவு அது, ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். வெறும் அம்புக்குறியைக் கண்டாலே எனக்கு ஆகாது. ‘அடுத்தது: 14. துறைமுகத்தில் யார்?’ என்று தலைப்பையே எழுதுங்கள். தமிழ்த் தலைப்புகள் நீளும். இரண்டு வரிக்கு இடம் விடுங்கள், பாதியில் வெட்டி மூன்று புள்ளி வைக்காதீர்கள். முந்தைய அத்தியாயம் பொருளடக்கத்தில் இருந்தால் போதும்.

அழகு பற்றிக் கேட்டீர்கள். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதியைப் போட்டுக் கேட்கும் பார்வையற்ற வாசகர் ஒரு விரலால் தள்ளினால், திரையில் அடுத்த உருப்படிக்குத்தான் போவார். உங்கள் சைகை அவருக்கு இல்லவே இல்லை. பட்டன் என்றால் இரண்டு தட்டில் திறந்துவிடுவார்.

கேள்வி: வால்யூம் பட்டனால் பக்கம் திருப்ப வைக்கலாமா?
- இன்னொரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தாராளமாக. ஆனால் வேண்டியவர் அமைப்புகளில் போய்ப் போட்டுக்கொள்ளட்டும். பாட்டுக் கேட்டபடி படிப்பவர் சத்தத்தைக் குறைக்கப் போய், பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருப்பார்.