வண்டி ஆயில் குடிக்கிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆயில் பிரச்சினைதான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டிகளுக்கு முதலிடம் கொடுத்திருக்கிறோம்.

2010 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல், 1.2 லிட்டர். 1,62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 10,000 கி.மீ. கழித்து சர்வீசுக்கு விட்டபோது டிப்ஸ்டிக்கில் ஆயிலே ஒட்டவில்லை. அதற்கு முன்பே வளைவுகளில் திரும்பும்போது சிவப்பு ஆயில் விளக்கு மின்னி மின்னி அணைந்தது. “ரிங் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும்” என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?
– வாசகர், ஈரோடு

இப்போதைக்கு வேண்டாம். (ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி, ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் வளையம்.) கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். உங்கள் இன்ஜின் பிடிக்கும் மொத்த ஆயிலே சுமார் 3 லிட்டர்தான். டிப்ஸ்டிக்கின் மேல் குறிக்கும் கீழ் குறிக்கும் இடையில் பெரும்பாலான கார்களில் 1 லிட்டரை ஒட்டி வரும். கீழ் குறிக்கும் கீழே போய் விளக்கு மின்னியது என்றால் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை குறைந்திருக்கலாம். 10,000 கி.மீ.க்கு 2 லிட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் ஆயிரத்துக்கு 200 மில்லிதான். 1,000 கி.மீ.க்கு 1 லிட்டர் வரை செலவாகலாம் என்று டொயோட்டா தன் கையேடுகளிலேயே எழுதியிருக்கிறது. அவ்வளவு தாராளம் நமக்கு வேண்டாம்தான். ஆனால் 200 மில்லிக்காக இன்ஜினை இறக்குவது வீண் செலவு. உங்கள் வண்டியின் உண்மையான குறை, இடையில் யாரும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்காதது.

அந்தச் சிவப்பு விளக்கு ஆயில் அளவைக் காட்டுவதல்ல, ஆயில் பிரஷரைக் காட்டுவது. சம்ப்பில், அதாவது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில், ஆயில் அடிமட்டத்துக்கு வந்தபின் வளைவில் அது ஒரு பக்கம் ஒதுங்கும்; பம்ப் ஆயிலை இழுக்கும் வலை, அதாவது ஸ்ட்ரெய்னர், ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும். அந்தச் சில நொடிகளில் கிராங்க்கை (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) தாங்கும் பேரிங்குகள் ஆயில் படலம் இல்லாமல் தேய்கின்றன. ஆயிலை நிரப்பி, இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஐடிலில் விளக்கைக் கவனியுங்கள். அப்போதும் மின்னினால், அந்த விளக்கை எரியவைக்கும் ஆயில் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் மெக்கானிக்கல் பிரஷர் கேஜை மாட்டி அளக்கச் சொல்லுங்கள். சூடான நிலையில் ஒவ்வொரு 1,000 ஆர்.பி.எம்.முக்கும் 10 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) என்ற தோராயக் கணக்குக்கு அருகில் வந்தால் பேரிங் தப்பித்துவிட்டது.

அடுத்து, ஆயில் செலவை முறையாக அளக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, சூடான இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு, மேல் குறி வரை சரியாக ஊற்றுங்கள். 1,000 கி.மீ. ஓட்டியபின் அதே இடத்தில், அதே பத்து நிமிடம் கழித்து, அளவுக் குவளையால் மீண்டும் மேல் குறி வரை ஊற்றுங்கள். குவளையிலிருந்து போனதுதான் கணக்கு. மேல் குறியைத் தாண்டி ஊற்றிவிடாதீர்கள். சுழலும் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கி, இன்ஜின் வாயு வெளியேறும் பிரீதர் குழாய் வழியாக, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குத் தள்ளிவிடும். “சர்வீஸ் முடிந்த முதல் மாதம் மட்டும் ஆயில் வேகமாகக் குறைகிறது” என்று எழுதும் பலரின் வண்டியில் நடப்பது இதுதான்.

உங்கள் மெக்கானிக் ரிங் என்று முடிவு கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. டேப்பெட் கவர் (இன்ஜினின் மேல் மூடி) பேக்கிங், ஆயில் சுவிட்ச், கிராங்க்கின் முன் சீல், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் பின் சீல் ஆகியவற்றில் கசிவு இருக்கிறதா? இரவு வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்தால் காலையில் தெரியும். ஓடும்போது மட்டும் கசிவது அட்டையில் விழாது. அதற்கு இன்ஜினைக் கழுவித் துடைத்து, 50 கி.மீ. ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

அதன்பின் பி.சி.வி. வால்வு. கிராங்க் கேஸில் (கிராங்க் சுழலும் அடிப்பகுதி) சேரும் வாயுவை இன்டேக்குக்கு அனுப்பும் சின்ன உருப்படி. கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று ஆட வேண்டும். பசை பிடித்து அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சீல்கள் வழியாகவும் ரிங்குகளைத் தாண்டியும் வெளியேறும். சில நூறு ரூபாய்ப் பொருள். சந்தேகம் வந்தால் சுத்தம் செய்துகொண்டு நிற்காமல் புதிதாகவே போட்டுவிடலாம்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எது எந்த சிலிண்டருடையது என்ற வரிசை மாறாமல் துணியில் வையுங்கள். நுனியில் கறுப்பாக, ஈரமாக ஆயில் இருந்தால் அந்த சிலிண்டர் ஆயிலை எரிக்கிறது. நுனி காய்ந்து, மரையிலும் வெள்ளைப் பீங்கான் பகுதியிலும் மட்டும் ஆயில் இருந்தால் அது ரிங்கே அல்ல. டேப்பெட் கவரில் உள்ள பிளக் குழி சீல் கசிகிறது. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் இன்ஜினை இறக்கியவர்கள் உண்டு.

கடைசியாக கம்ப்ரெஷன் டெஸ்ட். இன்ஜின் சூடாக, எல்லா பிளக்குகளும் வெளியே, பெட்ரோல் பம்ப் ஃப்யூஸ் உருவி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து, ஐந்தாறு சுற்று செல்ஃப் அடிக்க வேண்டும். உங்கள் இன்ஜினில் 180 பி.எஸ்.ஐ.யை ஒட்டி வந்தால் நல்லது. 150-க்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்கு சிலிண்டர் 15-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ கவலைப்பட வேண்டும். குறைவாக வந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயிலை ஊற்றி மறுபடி அளந்தால், அளவு சட்டென்று ஏறுவது ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. ஆனால் ஒன்று: மேலுள்ள இரண்டு கம்ப்ரெஷன் ரிங்கும் நன்றாக இருந்து, கீழே உள்ள ஆயில் ரிங் மட்டும் கார்பனில் இறுகியிருந்தால் இந்த டெஸ்ட்டில் எல்லாம் சரியாகவே காட்டும், வண்டி மட்டும் ஆயில் குடிக்கும்.

ஆயிரத்துக்கு 300 மில்லி வரை ஊற்றி ஓட்டுங்கள் என்பதுதான் எங்கள் கருத்து. வருடம் 10,000 கி.மீ. ஓடும் வண்டிக்கு அது மூன்று லிட்டர் ஆயில். இன்ஜின் வேலைக்கு ஆகும் பணத்தில் சின்னப் பங்குகூட வராது. 1 லிட்டரை நெருங்கினால் திறக்கத்தான் வேண்டும். எரிந்த ஆயிலில் உள்ள பாஸ்பரஸ், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும், அதன் விலை தனி.

2011 வேகன்-ஆர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம் நீலப் புகை. பிறகு நாள் முழுக்க ஒன்றுமில்லை. மலைப்பாதையில் இறங்கிவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் ஒரு கொத்து புகை வருகிறது.
– வாசகி, திண்டுக்கல்

வால்வ் ஸ்டெம் சீல்தான், அதாவது வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையம். இரவெல்லாம் ஹெட்டில் (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதி) நிற்கும் ஆயில், கெட்டிப்பட்ட ரப்பர் சீலைத் தாண்டி வால்வு வழியாகச் சொட்டி, காலையில் எரிகிறது. மலை இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுவதால் இன்டேக்கில் வாக்குவம் அதிகமாகி, அதே வழியில் ஆயிலை உறிஞ்சுகிறது. ரிங் போயிருந்தால் ஏற்றத்திலும் இழுவையிலும் தொடர்ந்து புகை வந்திருக்கும்.

உங்கள் மூன்று சிலிண்டர் இன்ஜினில் 12 வால்வு, 12 சீல். ஹெட்டை இறக்காமலே மாற்றலாம். பிஸ்டனை மேலே கொண்டுவந்து, பிளக் துவாரத்தில் அடாப்டர் மாட்டி கம்ப்ரஸர் காற்று கொடுத்தால் வால்வு கீழே விழாமல் நிற்கும். காற்றழுத்தம் கிராங்க்கைச் சுற்றிவிடும் என்பதால் கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கும் இழுத்திருக்க வேண்டும். கேம் ஷாஃப்ட் இரண்டையும் கழற்ற வேண்டியிருப்பதால் டைமிங் செயின் குறிகளைத் தெரிந்த கைதான் இதைச் செய்ய வேண்டும். ஒரு பல் தவறினாலும் வேறு செலவு வந்து சேரும். ஸ்பிரிங்கைக் கழற்றியதும் வால்வைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தெளிவாக ஆடினால், வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழலான கைடும் தேய்ந்திருக்கிறது, புதுச் சீல் சில மாதங்களுக்குத்தான் தாங்கும். புதுச் சீலின் உதட்டில் ஆயில் தடவித்தான் ஏற்ற வேண்டும். காய்ந்த சீலைச் சுத்தியால் தட்டினால் அன்றே கிழிந்துவிடும்.

5டபிள்யூ-30-க்குப் பதில் 20டபிள்யூ-50 போட்டால் ஆயில் குறையாது என்கிறார்களே?
– வாசகர், விருதுநகர்

இவை ஆயிலின் தடிமனைக் காட்டும் எண்கள்; எண் கூடினால் தடிமன் கூடும். ஆயில் குறைவது சற்று மட்டுப்படும், குறை தீராது. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் வி.வி.டி. உள்ள இன்ஜினிலும், ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டேப்பெட் உள்ள இன்ஜினிலும் குறுகலான ஆயில் வழிகளுக்கு அவ்வளவு தடிமன் ஆகாது; காலை ஸ்டார்ட்டில் மேலே ஆயில் ஏறத் தாமதமாகும். நம் வெயிலில் ஒரு படி ஏற்றி 5டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-40 போட்டுப் பார்க்கலாம், அதோடு நில்லுங்கள். வாங்கும்போது டப்பாவில் ஏ3/பி4 என்ற ஏசிஇஏ (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கம்) தரம் இருக்கிறதா பாருங்கள்: 250 டிகிரியில் ஒரு மணி நேரச் சோதனையில் 13 சதவீதத்துக்கு மேல் ஆவியாகக் கூடாது என்பது அந்தத் தரத்தின் விதி. “புகையை நிறுத்தும்” குப்பிகள் பெரும்பாலும் தடிமன் கூட்டும் திரவம்தான். விற்பதற்கு முன் புகையை மறைக்க உதவும். பழைய வண்டி வாங்குபவர்கள் இதையும் மனதில் வையுங்கள்.

இன்ஜினைத் திறக்காமல் பிஸ்டன் ரிங்கில் உள்ள கார்பனைக் கரைக்கலாம் என்று கேள்விப்பட்டேன். நானே செய்யலாமா? வண்டி நான்கு சிலிண்டர் பெட்ரோல், ஆயிரத்துக்கு 500 மில்லி குடிக்கிறது.
– வாசகர், கோவை

செய்யலாம். ஆயில் ரிங்கின் பள்ளத்தில், சுரண்டிய ஆயில் சம்ப்புக்குத் திரும்புவதற்குச் சிறு துவாரங்கள் உண்டு. நாள் கடந்த ஆயிலும் நகர நெரிசலும் சேர்ந்து அந்தத் துவாரங்களை அடைக்கின்றன, ரிங் பள்ளத்திலேயே இறுகுகிறது. துவாரங்களின் அளவே போதாமல் போனால் புது வண்டியிலும் இது நடக்கும். டொயோட்டாவின் 2.4 லிட்டர் 2ஏ.இசட்.-எஃப்.இ. இன்ஜினில் இப்படித்தான் ஆகி, அமெரிக்காவில் பிஸ்டனையும் ரிங்கையும் நிறுவனமே மாற்றிக்கொடுத்தது.

ஆயில் மாற்றும் நாள் நெருங்கும்போது இதைச் செய்யுங்கள், ஏனென்றால் திரவம் சம்ப்பில் இறங்கும், அந்த ஆயிலை வைத்து ஓட்ட முடியாது. இளஞ்சூட்டில் பிளக்குகளைக் கழற்றி, துவாரங்களில் நீளமான ஸ்ட்ராக்களை நிறுத்தி, கிராங்க்கைக் கையால் சுற்றுங்கள். நான்கு ஸ்ட்ராவும் ஒரே உயரத்துக்கு வந்தால் எல்லா பிஸ்டனும் பாதித் தூரத்தில் நிற்கின்றன. மூன்று சிலிண்டர் வண்டியில் இப்படி ஒரே உயரம் வராது, ஒவ்வொன்றாகத்தான் ஊற வைக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் கார்பன் கரைக்கும் திரவம் 30 முதல் 50 மில்லி ஊற்றித் துணியால் மூடி, இரவு முழுக்க விடுங்கள். நடுவில் இரண்டு முறை கிராங்க்கைச் சில டிகிரி முன்னும் பின்னும் அசைத்தால் ரிங்குகளுக்குள் இறங்கும்.

காலையில் எந்த சிலிண்டரில் திரவம் அப்படியே நிற்கிறது என்று பாருங்கள். மிச்சத்தை சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். பம்ப் ஃப்யூஸை உருவி, காயில் இணைப்புகளையும் கழற்றிவிட்டு, பிளக் இல்லாமலே செல்ஃப் அடியுங்கள். துணியை மேலே போர்த்தாவிட்டால் பானெட் முழுக்கத் தெறிக்கும். ஆவி தீப்பிடிக்கக்கூடியது, அருகில் சிகரெட்டோ தீப்பொறியோ கூடாது. இந்தப் படியைத் தாண்டி நேராகப் பிளக்கை மாட்டினால், நசுங்காத திரவத்தின் மேல் பிஸ்டன் மோதி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பழைய ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியபின்தான் ஸ்டார்ட். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் பயங்கரமாகப் புகையும், தெருவில் சொல்லி வையுங்கள்.

அதன்பின் இரண்டு முறை 2,500 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றி, 1,000 கி.மீ. கணக்கை மறுபடி எடுங்கள். பாதியாகக் குறைந்தால் வெற்றிதான். சம்ப்பில் ஊற்றும் ஐந்து நிமிட ஃபிளஷை மட்டும் பசை பிடித்த பழைய இன்ஜினில் போடாதீர்கள். ஒரேயடியாகப் பெயரும் அழுக்கு ஸ்ட்ரெய்னரை அடைத்துவிடும்.

இன்னோவா 2.5 டீசல், 2,80,000 கி.மீ. டர்போ குழாயைக் கழற்றியபோது உள்ளே ஆயில். டர்போவை மாற்ற வேண்டுமா?
– வாசகர், திருநெல்வேலி

விரலில் ஒட்டும் அளவு ஈரம் இயல்பு, பிரீதரிலிருந்து வருவது. குழாயைச் சாய்த்தால் வழிந்து கொட்டும் அளவு என்றால்தான் டர்போவை (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) சந்தேகிக்க வேண்டும். அப்போதும் முதலில் டர்போவிலிருந்து சம்ப்புக்கு இறங்கும் ஆயில் ரிட்டர்ன் குழாயில் கார்பன் அடைத்திருக்கிறதா, பிரீதர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அவை அடைத்திருந்தால் புது டர்போவும் கசியும். ஷாஃப்டை முன்னும் பின்னும் தள்ளினால் அசைவு கைக்கே தெரிந்தாலோ, விசிறி ஹவுசிங்கில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ முடிந்தது.

இந்த இன்ஜினில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். இன்ஜெக்டர் அடியில் உள்ள செம்பு வாஷர் கசிந்தால் எரிந்த வாயு டேப்பெட் கவருக்குள் புகுந்து, ஆயிலைத் தார் போலாக்கி, ஸ்ட்ரெய்னரை அடைக்கும். சம்ப்பைக் கழற்றும்போது ஸ்ட்ரெய்னர் வலையில் கறுப்புத் துகள்கள் இருக்கின்றனவா என்று நீங்களே நின்று பாருங்கள். வாஷர் ஒருமுறைதான் பயன்படும், கழற்றினால் புதிது போட வேண்டும்.

டர்போ சீல் முழுதாகப் போனால் டீசல் இன்ஜின் ஆயிலையே எரிபொருளாக்கிக்கொண்டு தானாக அலறும். சாவியை அணைத்தாலும் நிற்காது. மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழு பலத்தில் மிதித்து, கிளட்சைச் சட்டென்று விட்டு அடக்குங்கள். பானெட்டைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள்.

இறக்குவது என்று முடிவாகிவிட்டது. மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும்?
– வாசகர், சேலம்

“ரிங் மட்டும் போதும்” என்று பார்த்தவுடன் சொன்னால், போர் கேஜ் (சிலிண்டரின் உள்விட்டம் அளக்கும் கருவி) வைத்து அளந்தீர்களா என்று கேளுங்கள். சிலிண்டரின் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். வித்தியாசம் 0.10 மி.மீ.ஐத் தாண்டினால் பல சிறு கார் இன்ஜின்களில் புது ரிங் பயனில்லை. சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு) சற்றுப் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டனோ, உள்ளே இறக்கும் புதுக் குழலான ஸ்லீவோ தேவை. அளவு சரியாக இருந்தால் சுவரைக் கல்லால் உரசி (ஹோனிங் செய்து) குறுக்குக் கோடுகள் தெரிய வேண்டும். கண்ணாடி போல் வழவழக்கும் சுவரில் புது ரிங் படியாது. ரிங்கை சிலிண்டரில் வைத்து அதன் இரு முனைகளுக்கு நடுவிலான வாய் இடைவெளியை, மெல்லிய அளவுத் தகடான ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும், 73 மி.மீ. போருக்கு 0.3 மி.மீ.ஐ ஒட்டி இருக்கும், துல்லிய எண் கம்பெனி மேனுவலில் உண்டு. பழைய பிஸ்டனையே போடுவதானால் ரிங் பள்ளத்து கார்பனும், ஆயில் சம்ப்புக்குத் திரும்பும் அந்தச் சிறு துவாரங்களும் சுத்தமாக வேண்டும். ஹெட் வெளியே இருக்கும்போதே வால்வ் சீல்களை மாற்றிவிடுங்கள். ஓட்டத் தொடங்கியபின் முதல் 1,000 கி.மீ.க்குள் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். அதுவரை ஐடிலில் நெடுநேரம் விடாமல், ஒரே வேகத்தில் போகாமல், மிதமாக ஏற்றி இறக்கி ஓட்டுங்கள்.

என் பி.எஸ்.6 டீசல் காரில் ஆயில் குறையவில்லை, கூடுகிறது!
– வாசகர், சென்னை

அது ஆயில் அல்ல, டீசல். புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டரைச் சுடவைத்துச் சுத்தம் செய்ய இன்ஜின் கூடுதல் டீசல் தெளிக்கிறது. பாதியில் வண்டியை அணைத்தால் அது சிலிண்டர் சுவர் வழியாக சம்ப்பில் இறங்குகிறது. டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே தெரியும். ஆயில் குடிக்கும் வண்டியில்கூட இதனால் அளவு மாறாததுபோல் காட்டும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் புறவழிச் சாலையில் 2,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் ஓட்டுங்கள். மேல் குறியைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் வடித்துச் சமாளிக்காமல், சர்வீஸ் தேதிக்கும் காத்திராமல், முழு ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.