மெக்ரிகோர் பதக்கம்: கேள்வி பதில்

கேள்வி: இந்தப் பதக்கம் யாருடைய நினைவாக வழங்கப்படுகிறது?

பதில்: 1870-இல் சிம்லாவில் யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிட்யூஷன் என்ற படைத்துறை ஆய்வு அமைப்பை நிறுவிய சார்லஸ் மெக்ரிகோரின் நினைவாக, அவர் மறைந்த மறு ஆண்டான 1888-இல் ஏற்படுத்தப்பட்டது. படையினர் மேற்கொள்ளும் வேவுப் பயணமும் புதிய நிலங்களைத் தேடிச் செல்லும் பயணமுமே தொடக்கத்தில் இதற்குரியவை. இது அரசு வழங்கும் வீரதீர விருது அன்று. அருள்கூர்ந்து இரண்டையும் குழப்ப வேண்டாம்.

கேள்வி: கீர்த்தி சக்கரத்துக்கு இது சமமா?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள். இது வேறு வகை.

கேள்வி: முதலில் பெற்றவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: 1889-இல் மார்க் பெல், மறு ஆண்டு யங்ஹஸ்பண்ட். இந்த இரு பிரிட்டிஷ் படை அதிகாரிகளும் 1887-இல் பீக்கிங்கிலிருந்து (இன்றைய பெய்ஜிங்) புறப்பட்டு, வெவ்வேறு வழிகளில் இந்தியா வந்து சேர்ந்தவர்கள். காரகோரம் மலைத்தொடரின் முஸ்தாக் கணவாய் வழியாக வந்து பாருங்கள் என்று பெல் எழுதிய கடிதம், அந்த மலைகளுக்கு வடக்கே உள்ள யார்க்கண்ட் நகரில் யங்ஹஸ்பண்டின் கைக்குக் கிடைத்தது. மலையேற்றப் பயிற்சி எதுவும் இல்லாத அவர், தலைப்பாகைத் துணிகளையும் குதிரைகளின் கடிவாள வார்களையும் முடிந்து கயிறாக்கி, வழுக்காதிருக்கக் காலணியின்மேல் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, பனிச்சரிவில் இறங்கினார். முன்னால் படி வெட்டிச் சென்றவர் பால்டிஸ்தானைச் சேர்ந்த வழிகாட்டி வாலி.

கேள்வி: அப்படியானால் பதக்கம் வாலிக்கல்லவா சேர வேண்டும்?

பதில்: இது படையினருக்கான பதக்கம், வாலி படைவீரர் அல்லர். இந்தியச் சிப்பாய்களுக்கு இடம் இருந்தது. ஹவில்தார் ரம்ஜான் கான் தொடக்க ஆண்டுகளிலேயே பெற்றிருக்கிறார்.

கேள்வி: வழிகாட்டி கூலிக்கு வந்தவர். வரைபடமும் அறிக்கையும் தந்தவர் யங்ஹஸ்பண்ட்தானே?

பதில்: அறிக்கைக்காகவே பதக்கம் என்பது சரி. ஆனால் அந்தச் சரிவில் வாலியின் கால் ஒருமுறை தவறியிருந்தால் அறிக்கை எழுத யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். கூலி வாங்கினார் என்பதால் அவர் பெயரை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுதுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

கேள்வி: இது பரம்வீர் சக்கரத்துக்கு அடுத்த நிலையா?

பதில்: இல்லை. மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்.

கேள்வி: பாய்மரப் படகில் உலகைச் சுற்றுவது வேவு ஆகுமா?

பதில்: ஆகாது, ஆனால் 1986-இல் சாகசப் பயணங்களும் சேர்க்கப்பட்டன. 2012 நவம்பரில் மும்பையில் புறப்பட்டு, எங்கும் கரையேறாமல் 151 நாளில் தனியாக உலகைச் சுற்றித் திரும்பிய கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி அப்படிப் பெற்றவர். ஆயினும் என் மனத்தில் முன்னிற்பவர் கர்னல் நரேந்திர குமார். 1961-இல் நீல்கண்ட் மலையில் கால்விரல்கள் நான்கைப் பனிக்கடிக்குக் கொடுத்தவர், 1978-இலும் 1981-இலும் சியாச்சின் பனியாற்றில் ஏறி, பாகிஸ்தான் பக்கமிருந்து அனுமதி பெற்று வந்த வெளிநாட்டுக் குழுக்கள் எறிந்துவிட்டுப் போன குப்பைகளைக் கண்டார். அந்தத் தகவல்களின் தொடர்ச்சியாகவே 1984 ஏப்ரலில், இந்தியப் படை சியாச்சினைத் தன் கைவசமாக்கிய மேகதூத் நடவடிக்கை வந்தது.

கேள்வி: பழைய பதக்கம் ஒன்று என்ன விலை போகும்?

பதில்: நாணய, பதக்க வணிகர்களைக் கேளுங்கள்.

கேள்வி: நான் படையில் இருக்கிறேன். விடுப்பில் சென்ற பயணமும் கருதப்படுமா?

பதில்: கருதப்படும். சாகச உணர்வு, உடலுழைப்பு, படைகளுக்கான பயன் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். சென்ற வழி, நீர்நிலை, தூரம் ஆகியவற்றை அன்றன்று மாலையே குறித்து வையுங்கள்.