எச்.ஐ.வி. மருந்தான ஏ.ஆர்.டி. தொடங்கியதும் கட்டி வீங்குவது ஏன்?

கேள்வி: அண்ணனுக்கு எச்.ஐ.வி. இருப்பது தாமதமாகத்தான் தெரிந்தது. சிடி4 (நோய் எதிர்ப்பு அணு) எண்ணிக்கை 38. காசநோய் மாத்திரை தொடங்கி இரண்டு வாரம் கழித்து ஏ.ஆர்.டி. கொடுத்தார்கள். தேறி வந்தவருக்கு மூன்றாம் வாரம் மறுபடி காய்ச்சல். கழுத்து நெறிக்கட்டி முன்பைவிடப் பெரிதாகிவிட்டது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையோ? நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தவே வேண்டாம், இரண்டில் எதையும். இது 'ஐரிஸ்' ஆக இருக்கலாம், அதாவது எதிர்ப்புச் சக்தி மீளும்போது உண்டாகும் வீக்கம். இதுவரை கிருமி இருந்தும் எதிர்க்க அணுக்கள் இல்லாததால் வீக்கம் அடங்கிக் கிடந்தது. ஏ.ஆர்.டி. வைரஸை அடக்கியதும் எதிர்ப்புச் சக்தி மீண்டு, செத்த கிருமியின் எச்சத்தையும் சேர்த்துத் தாக்குகிறது. சிடி4 50க்குக் கீழே இறங்கியபின் தொடங்குவோருக்கு இது அதிகம். பெரும்பாலும் முதல் 3 மாதத்துக்குள் வரும். அதற்காக ஏ.ஆர்.டி.யைத் தள்ளிப்போட்டிருந்தால் அண்ணனின் உயிருக்கே ஆபத்து கூடியிருக்கும்.

ஆனால் ஐரிஸை உறுதிசெய்யத் தனிப் பரிசோதனை கிடையாது. மற்றவற்றை விலக்கித்தான் அந்த முடிவுக்கு வர வேண்டும். மாத்திரை விடுபட்டதா, வேறு தொற்று உண்டா, கிருமி மருந்துக்கு அடங்காத வகையா என்று பார்ப்பார்கள். கட்டியின் சீழை ஜீன் எக்ஸ்பர்ட் எனும் காசநோய் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினால் 'காசநோய்க் கிருமி உள்ளது' என்று வரக்கூடும். கலங்காதீர்கள், செத்த கிருமியையும் அது காட்டும். பார்க்க வேண்டியது ரிஃபாம்பிசின் (முக்கியக் காசநோய் மருந்து) எதிர்ப்பு பற்றிய வரியை. டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிறார் என்றால், ரிஃபாம்பிசினோடு சேரும்போது 50 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று என இருவேளை வேண்டும். ஒருவேளை மட்டும் என்றால் ரத்தத்தில் மருந்து போதாது.

லேசான ஐரிஸ் தானே அடங்கும். சீழ் கட்டினால் ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். கடுமையானால் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு: தினமும் எடையில் கிலோவுக்கு 1.5 மி.கி. வீதம் 2 வாரம், பிறகு பாதியளவு 2 வாரம். 50 கிலோ உள்ளவருக்கு 75 மி.கி., பிறகு 37.5. ரிஃபாம்பிசின் அதை வேகமாக வெளியேற்றுவதால்தான் இவ்வளவு. கபோசி புற்றுநோய் இருந்தால் இது தீங்கு செய்யும். நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மூச்சுத்திணறல், ஓயாத தலைவலி, குழப்பம் என்றால் அன்றே மருத்துவமனை.

கேள்வி: எச்.ஐ.வி. உள்ள என் தோழிக்குக் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் மூளையுறைக் காய்ச்சல். ஏ.ஆர்.டி.யைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அலட்சியமா?

பதில்: இல்லை, அதுதான் சரி. மண்டைக்குள் வீக்கத்துக்கு இடமில்லை. அவசரப்பட்டால் உயிரிழப்பு கூடுகிறது. பூஞ்சை மருந்து தொடங்கி 4 முதல் 6 வாரம் கழித்தே ஏ.ஆர்.டி. அதுவரை தலைவலி மோசமானால் முதுகுத்தண்டு நீரின் அழுத்தத்தை அளந்து, கூடுதல் நீரை வடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.