வெடி வைத்தால் பாறை பிளக்கிறது, மணல் ஏன் விழுங்கிவிடுகிறது?

மேலூர் குவாரியில் கிரானைட்டைப் பிளக்கும் வெடி, வைகை மணல் மேட்டுக்குள் அடங்கிப்போவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மணல் மென்மையானது என்பது பாதி விடைதான். மணல் மணிகள் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்னும் கெட்டியான கனிமம். காரணம் மணிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடம்.

கெட்டிப் பாறையில் அதிர்ச்சி அலை வேகமாக ஓடி, திறந்த முகப்பில் மோதி, இழுவிசை அலையாகத் திரும்புகிறது. அழுத்தத்தைத் தாங்கும் கிரானைட் இழுப்பைத் தாங்காது; விரிசல் விழுகிறது. மணலிலோ வெற்றிடம் நசுங்குவதற்கே ஆற்றல் செலவாகிறது. அலையும் மெதுவாகச் சென்று விரைவில் தேய்கிறது.

செலவான ஆற்றல் வெப்பமாகிறது. சுவையான இடம் இதுதான். அதிர்ச்சியில் ஒரு கிலோ பொருள் பெறும் ஆற்றல், அழுத்தத்தையும் கனஅளவுக் குறைவையும் பெருக்கி வரும் தொகையில் ஏறத்தாழப் பாதி. இது ராங்கின், ஹியூகோனியோ ஆகிய அறிஞர்களின் பெயரால் வழங்கும் விதி. எடுத்துக்காட்டாக, கெட்டிச் செம்பை 48 கிகா பாஸ்கல் (வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 4.7 லட்சம் மடங்கு) அழுத்தத்துக்கு அதிரவைத்தால் கனஅளவு சுமார் 18 சதவீதமே குறையும். அதே அழுத்தத்தில், இடைவெளிகளால் பாதி அடர்த்தியே உள்ள செம்புத் தூளில் அது பாதிக்கு மேல் குறைவதால், ஏறும் ஆற்றல் ஐந்து மடங்குக்கும் அதிகம்.

இந்த வெற்றிடம் மிகுந்தால் விசித்திரம்: அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட, வெப்ப விரிவு மேலோங்கி, அதிர்ச்சிக்குப் பிந்தைய அடர்த்தி குறையத் தொடங்கும். பள்ளிப் பாடத்தை மட்டும் நம்புகிறவர் இதை ஒப்பவே மாட்டார்!