கடல் தெரியும், கணக்குத்தான் பிழைக்குது: ஸ்கிப்பர் பரீட்சைக்குப் படிப்பது எப்படி?

வாழைச்சேனையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பல வருடமாகப் பலநாள் போட்டில் போய் வருகிறேன். இப்போது ஸ்கிப்பர் (படகை ஓட்டிப் பொறுப்பாக இருப்பவர்) பரீட்சை எழுதப் போகிறேன். வெளிச்ச விதிகள் மனதில் நிற்குதில்லை, வரைபடக் கணக்கும் பிழைக்குது. எங்கிருந்து தொடங்குவது?"

தம்பி, கடலில் மோதலைத் தவிர்க்கும் 1972ஆம் ஆண்டுச் சர்வதேச விதிகளிலிருந்து தொடங்குங்கள், ஆனால் முதலாம் விதி, இரண்டாம் விதி என்று வரிசையாகப் பாடமாக்க வேண்டாம். இரவில் சுக்கானைப் பிடித்து நிற்கிறீர்கள், தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிகிறது, அது எந்தப் பக்கம் போகிறது, யார் விலக வேண்டும்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு படியுங்கள். படகின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை, இது உங்களுக்குத் தெரியும். இரண்டு படகும் இயந்திரத்தில் ஓடும்போது உங்கள் வலப்பக்கத்தில் மற்றவரின் சிவப்பு தெரிந்தால் அவர் குறுக்கே வருகிறார், விலக வேண்டியது நீங்கள். இடப்பக்கத்தில் பச்சை தெரிந்தால் அவர் விலக வேண்டும், நீங்கள் திசையும் வேகமும் மாற்றாமல் போக வேண்டும், ஆனால் அவர் விலகவில்லை என்று கண்டால் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. இரண்டு நிறமும் நேர் எதிரே தெரிந்தால் இருவருமே வலப்பக்கம் திருப்ப வேண்டும். பிள்ளைகளின் கலர் பென்சிலை எடுத்து இதையெல்லாம் கையால் வரைந்து பாருங்கள், வாசித்தால் மட்டும் நிற்காது.

மீன்பிடிக்கிற நம்மவர்கள் அதிகம் பிழை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. "நான் மீன்பிடிப் படகு, கப்பல்தான் விலக வேண்டும்" என்று எழுதிவிடுவார்கள். வலையோ தூண்டிலோ போட்டு, அதனால் படகை நினைத்தபடி திருப்ப முடியாமல் இருக்கும்போதுதான் விதிகளின்படி நீங்கள் மீன்பிடிப்பில் இருக்கிறீர்கள். வலையை ஏற்றிக்கொண்டு கரைக்கு ஓடும்போது நீங்கள் வெறும் இயந்திரப் படகுதான். தூண்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடுவதும் இந்தக் கணக்கில் சேராது. இழுவை வலை தவிர்ந்த மீன்பிடிப்புக்கு மேலே சிவப்பு, கீழே வெள்ளை. வலை 150 மீற்றருக்கு மேல் நீண்டிருந்தால் அது கிடக்கும் பக்கம் இன்னொரு வெள்ளை விளக்கு வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சரி, வரைபடம். தூரத்தை எப்போதும் பக்கவாட்டில் இருக்கும் அகலாங்கு அளவில்தான் எடுக்க வேண்டும், அங்கே ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1852 மீற்றர். மட்டக்களப்புக் கடல் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் மேலே உள்ள நெட்டாங்கில் அளந்தாலும் நூற்றுக்கு ஒன்று அளவுதான் வித்தியாசம் வரும், அதனால் பிழை கண்ணில் படாது. பூமத்திய ரேகையிலிருந்து வெகு வடக்கே இருக்கிற கடலின் வரைபடத்தை வைத்து அப்படி அளந்தால் விடை முழுவதும் போய்விடும்.

ஜிபிஎஸ்ஸில் 7 பாகை 43.50 நிமிடம் என்று காட்டினால் அது 43 நிமிடம் 30 செக்கன், 50 செக்கன் அல்ல. நேரக் கணக்கிலும் இதே பொறி இருக்கிறது: 45 கடல் மைலை 6 நொட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் ஓடினால் 7.5 மணித்தியாலம், அதாவது 7 மணி 30 நிமிடம்.

திசைகாட்டிக் கணக்கைத் தினமும் காலையில் செய்யுங்கள், இதற்குக் கை பழக வேண்டும். வரைபடத்தில் எடுத்த திசையிலிருந்து திசைகாட்டிக்குப் போகும்போது மேற்கைக் கூட்டுங்கள், கிழக்கைக் கழியுங்கள். வரைபடத் திசை 070, காந்த விலகல் (உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) மேற்கு 2 என்றால் 072. படகின் இரும்பால் வரும் பிழை கிழக்கு 3 என்றால் 069இல் ஓட வேண்டும். காந்த விலகல் வருடத்துக்கு வருடம் மாறும், வரைபடத்தின் திசை வட்டத்தில் எந்த ஆண்டுக்குரியது என்று போட்டிருக்கும், அதைப் பார்த்து இன்றைய ஆண்டுக்குத் திருத்திய பிறகுதான் கணக்கைத் தொடங்க வேண்டும். படகின் பிழையோ நீங்கள் ஓடும் திசைக்கேற்ப மாறும், ஒரே எண்ணை எல்லாத் திசைக்கும் போடாதீர்கள்.

பாடத்திட்டத்தையும் விண்ணப்பத் தகுதிகளையும் மீன்பிடித் திணைக்கள மாவட்ட அலுவலகத்திலும், சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் மட்டக்களப்பு நிலையத்திலும் நேரில் போய்க் கேளுங்கள், அப்புறம் புத்தகம் வாங்கலாம். வாய்மொழிக் கேள்விக்கு ஆபத்து அழைப்பைச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்: விஎச்எஃப் வானொலியின் 16ஆம் சனலில் மேடே மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, பிறகு இருக்கும் இடம், என்ன ஆபத்து, என்ன உதவி வேண்டும், எத்தனை பேர் இருக்கிறீர்கள். தொடர்பு பாதியில் அறுந்தாலும் தேடி வருகிறவருக்கு இடம் தெரிந்திருக்க வேண்டும், அதனால்தான் அதை மற்ற விபரங்களுக்கு முன்னால் சொல்கிறோம்.