கால் விழுந்த கோழியும் மஞ்சள் ஈரலும்: வாசகர் கேள்விகள்

28 நாள் கறிக்கோழி (பிராய்லர்) பேட்ச். சில கோழிகள் எழ முடியாமல் இறக்கையை ஊன்றி நகர்கின்றன. கால்சியம் டானிக் கொடுத்தும் பலன் இல்லை. அளவைக் கூட்டலாமா? – பல்லடம் பண்ணையாளர்

கூட்டாதீர்கள். நடக்க முடியாத கோழி இரண்டை அறுத்துப் பாருங்கள்.

முதலில் கெண்டைக்கால் எலும்பை இரு கையாலும் வளையுங்கள். நல்ல எலும்பு பட்டென்று ஒடியும். ரப்பர் மாதிரி வளைந்தால் அது ரிக்கெட்ஸ், அதாவது எலும்பு கெட்டிப்படாத நோய். கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி3 மூன்றில் ஏதோ ஒன்று குறைகிறது, அல்லது உடம்பில் சேரவில்லை.

அடுத்து, அதே எலும்பின் மேல்முனையை நெடுக்காகச் சீவுங்கள். உள்ளே வெள்ளைக் குருத்தெலும்பு கூம்பாக இறங்கியிருந்தால் டிபியல் டிஸ்காண்ட்ரோபிளேசியா. குருத்துக்குள் ரத்தக் குழாய் புகாததால் அது எலும்பாக மாறாமலே நின்றுவிட்டது. வேகமாக வளரும் கோழியில்தான் இது அதிகம்.

கடைசியாக, தொடை எலும்பை இடுப்புக் குழியிலிருந்து பிடுங்குங்கள். வழவழப்பான தலை முழுசாக வர வேண்டும். அதன் மூடி குழியிலேயே தங்கி, முனை அரித்து நொறுங்கியிருந்தால் கிருமி வேலை. குடல் வழியாகவோ மூச்சு வழியாகவோ ரத்தத்தில் கலந்த ஸ்டஃபைலோகாக்கஸ், எண்டரோகாக்கஸ், ஈ.கோலை போன்றவை, எடை தாங்காமல் விரிசல் விட்ட இடத்தில் குடியேறிவிடுகின்றன. இதற்கு டானிக் என்ன செய்யும்?

அளவுக்கு மிஞ்சிய கால்சியம் குடலிலேயே பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். கால்சியம் இரண்டு பங்கு, கோழிக்குக் கிடைக்கக்கூடிய பாஸ்பரஸ் ஒரு பங்கு. இந்தக் கணக்கைத் தீவனத்திலேயே சரி செய்யுங்கள்.

சொந்தமாகத் தீவனம் அரைக்கிறேன். டி3 சரியாகத்தான் போட்டேன். ஆனாலும் ரிக்கெட்ஸ் என்கிறார் டாக்டர். – உடுமலைப்பேட்டை

அறுத்தபோது ஈரல் மஞ்சளாக, தொட்டால் உடையும்படி இருந்ததா? அப்படியானால் மக்காச்சோளத்தைச் சந்தேகப்படுங்கள். பூஞ்சை பிடித்த சோளத்தில் வரும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு முதலில் ஈரலைத்தான் அடிக்கும். பித்தநீர் குறையும், கொழுப்பு செரிக்காது. டி3 கொழுப்போடுதான் உடம்பில் ஏறும் என்பதால் அதுவும் எச்சத்தோடு போய்விடும். ஏறிய கொஞ்சத்தையும் ஈரல்தான் அடுத்த வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பழுதான ஈரல் எப்படி மாற்றும்?

இன்னொன்று. செரிக்காத கொழுப்பு அமிலமும் கால்சியமும் குடலில் சேர்ந்து சோப்பாகிவிடும், இரண்டுமே வீண். பாமாயில் போன்ற, நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த எண்ணெயில் இது அதிகம். முதல் வாரக் குஞ்சுக்குக் கொழுப்பைச் செரிக்கும் திறனே குறைவு, அப்போது எண்ணெயை அள்ளி ஊற்றாதீர்கள். காறிய எண்ணெய் எந்த வயதிலும் கூடாது.

சோள மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்தில் கொடுத்து நச்சு அளவு பார்த்துவிடுங்கள். டி3-யை இன்னும் கொட்டுவதைவிட அந்தச் செலவு உருப்படியானது.

வெயில் காலத்தில் கோழி குறைவாகத்தானே தின்கிறது? வயிற்றில் மட்டும் கொழுப்பு எப்படி?

கோழிக்குக் கொழுப்பு பெரும்பாலும் ஈரலில்தான் உருவாகிறது, சோளத்தின் மாவுச்சத்திலிருந்து. வெயிலில் சதை வளர்ச்சி படுத்துவிடும். மிஞ்சும் எரிசக்தி கொழுப்பாகத் தேங்கும். எண்ணெய் சேர்த்தால் அதற்கேற்ப லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்களையும் (சதை வளரத் தேவையான புரதக் கூறுகள்) கூட்ட வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அப்புறம், ரேட் ஏறட்டும் என்று 45 நாள் தாண்டியும் பிடித்து வைத்தால் கொழுப்பும் ஏறும், காலும் விழும்.

ஊசி போட்டுத்தான் இவ்வளவு வேகமாக வளர்க்கிறார்களாமே? – மதுரை வாசகி

இல்லை அம்மா. கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ரகங்களை ஒரே தீவனத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாளில் 1957 ரகம் 905 கிராம், 2005 ரகம் 4.2 கிலோ. எல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததன் விளைவு. எலும்பு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கத் திணறுகிறது என்பதுதான் உண்மையான குறை.

ராத்திரி முழுக்க லைட் போடலாமா?

முதல் வாரம் சரி. அதன்பின் தினமும் 4 முதல் 6 மணி நேரம் இருட்டு கொடுங்கள். கால் நோய் குறையும்.

குழம்பில் எலும்பு ஓரம் கருப்பாக இருக்கிறது. கெட்ட கறியா?

இல்லை. ஐந்தாறு வாரக் கோழியின் எலும்பு இன்னும் முற்றாமல் நுண்துளைகளோடு இருக்கும். மஜ்ஜையின் நிறம் அதன் வழியே கசிந்து, வேகும்போது கருக்கும். ஃப்ரீசரில் வைத்த கறியில் இன்னும் அதிகம். வாடை நன்றாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். நிறம் பிடிக்கவில்லை என்றால் அன்றன்றைக்கு வெட்டிய கறியாக வாங்குங்கள்.