கருப்பனின் அரிவாள் சிங்கப்பூர் போகலாமா?

கேள்வி: என் மகனுக்கு 28 வயது. சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். விடுமுறைக்கு வந்தவன் அடுத்த வாரம் திரும்புகிறான். குலசாமி கருப்பனுக்கு நேர்ந்துகொண்டு திருப்பாச்சேத்தியில் ஒரு சாண் நீளத்தில் இரண்டு அரிவாள் அடித்து வாங்கினோம். ஒன்றைக் கோயிலில் செலுத்திவிட்டோம். மற்றதை அங்கே தன் அறையில் சாமி படத்தோடு வைத்துக் கும்பிட வேண்டும் என்கிறான். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற என் தம்பியும் மருமகனுக்கு ஞாபகமாக இருக்கட்டும் என்று ஒரு தோட்டாவைச் சாவிக்கொத்தில் கோத்துக் கொடுத்திருக்கிறான். "லக்கேஜில் போட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. நான் வீணாகப் பயப்படுகிறேனா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மேலூர்

பதில்: அன்புள்ள அக்கா, நீங்கள் வீணாகப் பயப்படவில்லை. அரிவாள், தோட்டா இரண்டுமே சிங்கப்பூர் போக வேண்டாம். பெட்டி கட்டும்போது கூடவே இருந்து, அவை உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகனுக்கு அந்த அரிவாள் சாமி. அதை நான் முழுதாகப் புரிந்துகொள்கிறேன். அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பன் சந்நிதியில் பொய்ச்சத்தியம் பண்ண நடுங்கும் ஊர் நம்முடையது. ஆனால் சாங்கி விமான நிலையத்தில் பெட்டியை ஸ்கேனரில் பார்க்கும் அதிகாரிக்குத் தெரிவது வளைந்த இரும்பும் அதன் கூர்மையும்தான். சிங்கப்பூருக்குள் வாள், ஈட்டி, கிரிஸ் என்ற மலாய்க் குத்துவாள் போன்றவற்றைக் கொண்டுபோக அந்த நாட்டுப் போலீஸின் அனுமதி வேண்டும். பொம்மைத் துப்பாக்கிக்கும் அப்படித்தான். துப்பாக்கி வடிவத்தில் செய்த சிகரெட் லைட்டருக்கு அனுமதியே கிடையாது. பொது இடத்தில் தக்க காரணமில்லாமல் தாக்கும் ஆயுதம் வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறை, அதோடு பிரம்படியும் கிடைக்கலாம். அங்கே பிரம்படியிலிருந்து பெண்களுக்கும் 50 வயது தாண்டிய ஆண்களுக்கும் விலக்கு உண்டு. உங்கள் மகனுக்கு 28 வயது. ஒரு தாயிடம் இதை எழுதவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் எழுதாமல் விட முடியவில்லை. சாமிக்காக வைத்திருந்தேன் என்று சொன்னால் ஒருவேளை கேட்பார்கள். ஆனால் அதைக் காவல் நிலையத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கும். வேலை அனுமதியை நம்பிப் பிழைக்கும் பையனுக்கு அதுவே பெரிய அடி.

தோட்டா இன்னும் மோசம். அது சுட்டு முடித்த வெறும் கூடா, மருந்து உள்ளே இருக்கிற தோட்டாவா என்பதை முதலில் தம்பியிடம் கேளுங்கள். மருந்துள்ள தோட்டாவை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது இங்கேயே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். சிங்கப்பூரில் சட்டவிரோதமாகத் தோட்டா வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. வெறும் கூடாகவே இருந்தாலும் ஸ்கேனரில் அது தோட்டா மாதிரிதான் தெரியும். நம் மதுரை விமான நிலையத்திலேயே பையனை நிறுத்திப் போலீஸைக் கூப்பிடுவார்கள்.

இனி அந்த லக்கேஜ் பேச்சு. இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கத்தி, கத்தரிக்கோலைக் கையில் வைத்திருக்கும் பையில் கொண்டுபோகக் கூடாது, கீழே போகிற பெட்டியில் வைக்கலாம் என்பது விமானப் பாதுகாப்பு விதி. பறக்கும்போது ஆபத்து வராமல் இருப்பதற்கான ஏற்பாடு அது, அவ்வளவுதான். பெட்டி இறங்குகிற ஊரில் அந்தப் பொருள் இருக்கலாமா என்பதை அந்த நாட்டுச் சட்டம் சொல்லும். மதுரையில் பெட்டியை வாங்கிக்கொண்டார்கள் என்பதால் சாங்கியில் விட்டுவிடுவார்கள் என்று ஆகாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் நல்ல பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

எனக்கே ஒருமுறை நடந்தது. தோப்பில் நுங்கு சீவ வைத்திருந்த சின்ன மடக்குக் கத்தி, பையின் ஓரப் பையில் கிடந்ததை மறந்தே போனேன். வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில் விமானம் மாறும்போது எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். கத்தியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் என் கை நடுங்கிய நடுக்கம் இன்னும் மறக்கவில்லை. அதிலிருந்து எந்தப் பயணத்துக்கும் பழைய பையை முதலில் தரையில் கவிழ்த்து உதறிவிட்டுத்தான் துணி அடுக்குகிறேன்.

இது நம் ஆட்களுக்கு மட்டும் வருகிற வினை இல்லை. கரீபியன் கடலில் டர்க்ஸ் அண்ட் கைகோஸ் என்று ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது. 2024இல் அங்கே சுற்றுலா போன அமெரிக்கர்கள் சிலரின் பெட்டியில் தோட்டாக்கள் கிடைத்தன. ஒருவரிடம் இருந்தது வெறும் 4 தோட்டா, வேட்டைக்குப் போனபோது பையில் தங்கிவிட்டது என்றார். அப்போது அந்தத் தீவுச் சட்டத்தில் குறைந்தபட்சத் தண்டனையே 12 ஆண்டாக இருந்தது. சூழ்நிலையைப் பார்த்து நீதிமன்றம் அவருடைய சிறைத் தண்டனையை நிறுத்திவைத்தது. ஆனாலும் வழக்கு முடியும்வரை அவரால் உடனே ஊர் திரும்ப முடியவில்லை.

நம் கரையிலும் இப்படி ஒன்று நடந்தது. 2013 அக்டோபரில் தூத்துக்குடிக் கடலில் சீமேன் கார்டு ஓஹியோ என்ற கப்பலைப் பிடித்தார்கள். அதில் பிரிட்டன், எஸ்டோனியா, உக்ரைன், இந்தியா என்று 35 பேர். கடற்கொள்ளையரிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காக்கிற வேலை, துப்பாக்கிகளுக்குக் காகிதம் இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் 5 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லோரையும் விடுதலை செய்தது. நீங்கள் மேலூரிலிருந்து மாட்டுத்தாவணிக்கு பஸ்ஸில் வரும்போது ஒத்தக்கடை தாண்டிப் பார்ப்பீர்களே, அதே கட்டடம்தான். ஆனால் நான்கு ஆண்டுகள் போனது போனதுதான். அவர்களைப் பெற்றவர்களும் எங்கோ ஓர் ஊரில் உங்களைப் போலத்தான் காத்திருந்திருப்பார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். தன்னிடம் இருப்பது தெரிந்தே ஒருவர் தோட்டா வைத்திருந்தாரா என்பதை நம் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. உச்ச நீதிமன்றம் 1972இலேயே இதைச் சொல்லியிருக்கிறது. எல்லா நாட்டுச் சட்டமும் அப்படி இருக்கும் என்று நம்பி யாரும் விமானம் ஏற வேண்டாம்.

பெண் பிள்ளைகளை லண்டனுக்குப் படிக்க அனுப்பும் பெற்றோரும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காக இது. பத்திரமாக இருக்கட்டும் என்று கைப்பையில் மிளகு ஸ்பிரே போட்டு அனுப்பாதீர்கள். இங்கே கடையில் கிடைக்கிற அந்தப் பொருள் பிரிட்டனில் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்ட ஆயுதம். அங்கே பூட்டிக்கொள்ளும் மடக்குக் கத்தியையும் காரணமில்லாமல் வெளியே எடுத்துப் போகக் கூடாது. ஜப்பானில் 6 சென்டிமீட்டருக்கு மேல் அலகுள்ள கத்தியைக் காரணமின்றிக் கொண்டு நடந்தால் 2 ஆண்டு வரை சிறை. பழம் நறுக்கத்தான் என்றால் அங்கேயே கடையில் ஒன்று வாங்கிச் சமையலறையிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

சரி, எல்லாம் பார்த்துக் கட்டியும் ஏதோ ஒன்று பெட்டியில் தங்கிவிட்டது, இறங்கியபிறகுதான் நினைவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சுங்கச் சோதனையில், சொல்ல ஒன்றுமில்லாதவர்கள் போகும் பச்சை வழியில் நடக்காமல், பொருளைச் சொல்ல வேண்டியவர்கள் போகும் சிவப்பு வழிக்குப் போய், அவர்கள் கேட்கும் முன்பே தானாகச் சொல்லிவிட வேண்டும். ஒளிக்கவோ கழிவறைக் குப்பையில் போடவோ கூடாது. பிடித்து வைத்துவிட்டால், புரியாத மொழியில் இருக்கிற எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. தமிழ் தெரிந்தவரைக் கேட்கலாம். சிங்கப்பூரில் தமிழே ஆட்சிமொழிகளில் ஒன்று, தயங்கவே வேண்டாம். இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்பது அவனுடைய உரிமை. 1963ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் அதைத் தருகிறது. வீட்டிலிருந்து நீங்கள் வெளியுறவுத் துறையின் மதத் என்ற இணையதளத்தில் புகார் பதியலாம். தூதரகத்தின் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதி அவன் சட்டைப்பையில் வைத்து அனுப்புங்கள். போனை வாங்கி வைத்துவிட்டால் அந்தத் தாள்தான் உதவும்.

மகனிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். கருப்பன் ஊரில் இருந்துகொண்டுதான் வெளியூர்ப் பிள்ளைகளைக் காக்கிறான் என்று உங்கள் பூசாரியே சொல்வார். அவரிடம் கொஞ்சம் திருநீறும் சந்தனமும் வாங்கிக் கொடுங்கள். அரிவாளை உங்கள் வீட்டுச் சாமி அறையில் வைத்துப் படம் பிடித்து அவன் போனுக்கு அனுப்புங்கள். அதையே அச்செடுத்து அங்கே மாட்டிக்கொள்ளட்டும்.

தாய்மாமன் கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். தம்பியை வீட்டுக்குக் கூப்பிட்டு, பையனுக்கு முன்னாலேயே விவரத்தைச் சொல்லுங்கள். பட்டாளத்தில் இருந்தவர், ஆயுதச் சட்டம் என்றால் என்ன என்று உங்களைவிட நன்றாகவே அவருக்குத் தெரியும். சீருடையில் எடுத்த பழைய போட்டோ ஒன்று அவரிடம் இருக்கும். மருமகனுக்கு அதைக் கொடுக்கச் சொல்லுங்கள்.